சைல்டுமைண்டர் பதிவு திடீர் சஸ்பெண்ட்: திங்கட்கிழமை குழந்தையை யாரிடம் விடுவது?

“ஆஃப்ஸ்டெட் என் பதிவை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. நாளையிலிருந்து குழந்தையைக் கூட்டிட்டு வராதீங்க. இதுக்கு மேல என்னால எதுவும் சொல்ல முடியாது.”

இங்கிலாந்தில் குழந்தையை சைல்டுமைண்டரிடம் விட்டு வேலைக்குப் போகும் பெற்றோருக்கு வரும் தகவல் பெரும்பாலும் இவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் நான்கு வரி. அதைப் படித்து முடிப்பதற்குள் இரண்டு கேள்விகள் ஒன்றாக எழுகின்றன. நம்ம குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமோ? நாளைக்கு யார் பார்த்துக்கொள்வது?

முதல் கேள்விக்குப் பல வாரங்கள் பதில் கிடைக்காமல் போகலாம். இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் வேண்டும். ஆனால், இன்றைக்கே இன்னொரு இடம் பிடித்துத் தர வேண்டிய கடமை சட்டப்படி யாருக்கும் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும்போதுதான் பெற்றோர் தவறான முடிவுகளுக்குப் போகிறார்கள்.

நர்ஸாகவும், கேர் ஹோம் ஊழியராகவும், ஐடி வேலைக்காகவும் போயிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது கூடுதல் சிக்கல். தாத்தா பாட்டி மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பார்கள். விசாவோ வேலையோடு கட்டப்பட்டிருக்கும்.

சைல்டுமைண்டர் என்பவர் யார்?

தன் வீட்டிலேயே, கட்டணம் வாங்கிக்கொண்டு பிறர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். நம்மூரில் ‘பக்கத்துத் தெருவில் ஒரு அக்கா பார்த்துக்கிறாங்க’ என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அங்கே இது பதிவு செய்து நடத்த வேண்டிய தொழில். 2006ஆம் ஆண்டு சைல்டுகேர் சட்டப்படி, ஆஃப்ஸ்டெட் என்ற அரசு ஆய்வு அமைப்பிடமோ, அதன் கீழ் இயங்கும் சைல்டுமைண்டர் ஏஜென்சியிடமோ பதிய வேண்டும். வீட்டில் வசிக்கும் 16 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை உண்டு. (ஸ்காட்லாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்தில் அமைப்புகளும் விதிகளும் வேறு. இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும்.)

ஒருவர் ஒரே நேரத்தில் 8 வயதுக்குட்பட்ட 6 குழந்தைகளைத்தான் பார்த்துக்கொள்ளலாம். அதில் பள்ளி வயதுக்கு வராத சிறு குழந்தைகள் அதிகபட்சம் 3; ஒரு வயதுக்குட்பட்ட கைக்குழந்தை பொதுவாக ஒன்றே ஒன்று. இந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

சஸ்பெண்ட் என்றால் தீர்ப்பு இல்லை

இந்த சைல்டுமைண்டரிடம் இருக்கும் எந்தக் குழந்தைக்காவது ஆபத்து நேரக்கூடும் என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால், ஆஃப்ஸ்டெட் பதிவை நிறுத்தி வைக்கலாம். இதில் கவனிக்க வேண்டிய சொல், ‘நேரக்கூடும்’. ஆபத்து நேர்ந்தது என்று நிரூபிக்கத் தேவையில்லை. நேருவதற்கே அதிக வாய்ப்பு என்று காட்டவும் தேவையில்லை. இந்த வரம்பு தாழ்வானதுதான் என்று 2009இல் மேல் தீர்ப்பாயமும் சொல்லிவிட்டது. அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது: வரம்பைத் தாண்டிவிட்டது என்பதற்காகவே சஸ்பெண்ட் செய்துவிட முடியாது, அதற்கு ஒரு தெளிவான நோக்கம் இருக்க வேண்டும்.

அந்த நோக்கம் இரண்டில் ஒன்று. விசாரிக்க அவகாசம் தேவை, அல்லது ஆபத்தைக் குறைக்கும் ஏற்பாடுகளைச் செய்து முடிக்க அவகாசம் தேவை. நம்மூர் அரசு ஊழியர்கள் விஷயத்தில் ‘விசாரணை முடியும்வரை சஸ்பெண்ட்’ என்பார்களே, அதே பொருள்தான். ஆனால் அங்கே பாதிச் சம்பளமாவது வரும். இங்கே சைல்டுமைண்டருக்கு அன்றைக்கே வருமானம் பூஜ்ஜியம்.

குற்றச்சாட்டு அவர் மீதே இருக்க வேண்டும் என்றும் இல்லை. கணவர், வளர்ந்த மகன், புதிதாக வீட்டுக்கு வந்த உறவினர் என அந்த வீட்டில் வசிக்கும் யார் மீதாவது போலீஸ் விசாரணை தொடங்கினாலும் பதிவு நிற்கலாம். தொழில் நடக்கும் இடமும் குடும்பம் வாழும் இடமும் ஒன்றாக இருப்பதால் வரும் விளைவு இது. ஒரு நர்சரியில் என்றால் புகாருக்குள்ளான ஊழியரை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மற்றவர்கள் வேலையைத் தொடரலாம். சைல்டுமைண்டர் வீட்டில் அது பெரும்பாலும் நடக்காது.

முதல் நிறுத்தம் 6 வாரம். அதே காரணத்துக்காக மேலும் 6 வாரம் நீட்டலாம். ஆக மொத்தம் 12 வாரம். ஆஃப்ஸ்டெட்டின் கையில் இல்லாத காரணங்களால் விசாரணை முடியவில்லை என்றால் அதற்கு மேலும் போகலாம். போலீஸ் வழக்கு நடக்கும்போது இது நடப்பதுதான். போலீஸ் முடிக்காமல் ஆஃப்ஸ்டெட் தன் பக்கத்தை முடிப்பது கடினம். மறுபக்கம், ஆபத்து இல்லை என்று தெரிந்தால் 6 வாரம் முடியும்வரை காத்திருக்காமல் எந்த நாளிலும் நிறுத்தத்தை விலக்க வேண்டும்.

சைல்டுமைண்டர் 10 வேலை நாட்களுக்குள் முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் மேல்முறையீடு செய்தாலும், தீர்ப்பு வரும்வரை சஸ்பெண்ட் அப்படியே இருக்கும். அந்தக் காலத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டால் அது குற்றம். ‘நம்பிக்கையானவங்கதானே, சத்தமில்லாம ரெண்டு நாள் பார்த்துக்கச் சொல்வோம்’ என்று நினைக்கும் பெற்றோர், அவருக்கு உதவவில்லை. இருக்கிற வழக்கோடு இன்னொன்றைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

பெற்றோருக்கு ஏன் காரணம் சொல்வதில்லை?

சட்டத்தின் பார்வையில் இந்த விவகாரத்தில் இரண்டே தரப்பு: ஆஃப்ஸ்டெட், பதிவு பெற்றவர். ஒருவருக்குக் குழந்தைகளைப் பாதுகாக்கும் கடமை. மற்றவருக்குத் தன் தொழிலைக் காப்பாற்றிக்கொள்ளும் உரிமை. பெற்றோர் மூன்றாவது ஆள். அவர்களுக்கு நோட்டீஸ் கிடையாது, விசாரணையில் இடம் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது.

காரணத்தை மறைப்பதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வெளியே சொன்னால் சாட்சிகள் கலையலாம். புகார் கொடுத்தவர் இன்னொரு குழந்தையின் அம்மாவாக இருக்கலாம். புகார் பொய்யாகவும் இருக்கலாம். அப்போது ஒருவரின் பெயர் ஊரெல்லாம் கெட்டிருக்கும். ஆனாலும், தினமும் பத்து மணி நேரம் அந்த வீட்டில் இருந்தது தன் குழந்தை என்னும்போது, ‘உங்களிடம் சொல்ல இயலாது’ என்ற பதில் ஒரு தாயைத் தூங்க விடாது. இந்த இடத்தில் நடைமுறை பெற்றோரைக் கைவிடுகிறது என்றே சொல்ல வேண்டும். காரணத்தைச் சொல்லாவிட்டாலும், ‘உங்கள் குழந்தை தொடர்பான விவகாரமா இல்லையா’ என்ற ஒரு வரிக்கு முறையான ஏற்பாடு இருந்திருக்கலாம்.

இருக்கிற வழிகள் சில. ஆஃப்ஸ்டெட் இணையதளத்தில் சைல்டுமைண்டரின் பதிவு எண்ணைப் போட்டுத் தேடினால் பதிவின் நிலை தெரியும். உங்கள் குழந்தைக்கு நேரடியாக ஏதேனும் நேர்ந்திருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால், கவுன்சிலின் குழந்தைகள் நலப் பிரிவோ போலீஸோ உங்களைத் தொடர்புகொள்வதுதான் வழக்கம். அழைப்பு வரவில்லை என்பதாலேயே நிம்மதி அடைந்துவிட முடியாது என்றாலும், அது ஒரு தகவல்தான். உங்களுக்கு ஏற்கெனவே ஏதாவது உறுத்தியிருந்தால், குழந்தையின் உடம்பில் காயம், திடீர் பயம் எதுவானாலும், அவர்கள் கூப்பிடட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நீங்களே கவுன்சிலுக்கோ, குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பான என்எஸ்பிசிசி-யின் 0808 800 5000 என்ற எண்ணுக்கோ பேசலாம்.

குழந்தையிடம் மட்டும் துருவிக் கேட்காதீர்கள். “ஆன்ட்டி அடிச்சாங்களா?” என்று நான்கு முறை கேட்டால் மூன்று வயதுக் குழந்தை ஐந்தாவது முறை “ஆமா” என்று சொல்லும். பிறகு உண்மை என்ன என்பது அம்மாவுக்கும் தெரியாது, போலீஸுக்கும் தெரியாது. “அங்கே இப்போ லீவு, நாம வேற இடத்துக்குப் போறோம்” என்பது போதும். குழந்தை தானாக ஏதாவது சொன்னால் குறுக்கிடாமல் கேட்டு, அதே வார்த்தைகளில், தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸில் என்ன சொல்வது?

பலர் ‘உடம்பு சரியில்லை’ என்று சிக் லீவ் போடுகிறார்கள். தேவையில்லாத பொய், மாட்டினால் வேலைக்கே ஆபத்து. 1996ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டத்தின் 57ஏ பிரிவு, இதே நிலைமையைத்தான் பெயர் சொல்லாமல் விவரிக்கிறது: தன்னைச் சார்ந்தவரைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு எதிர்பாராமல் தடைபட்டாலோ முடிந்துபோனாலோ, ஊழியர் நியாயமான அளவு விடுப்பு எடுக்கலாம். வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இந்த உரிமை உண்டு.

ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, சம்பளம் கொடுக்க வேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லை. நிறுவனத்தின் விதியில் இருந்தால் கிடைக்கும். இரண்டு, இந்த விடுப்பு மாற்று ஏற்பாடு செய்வதற்காகத்தான். ஆறு வாரமும் வீட்டில் இருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காக அல்ல. ஓரிரு நாள் என்பதுதான் பொதுவான கணக்கு. ஏன் வரவில்லை, எத்தனை நாள் ஆகும் என்பதை முடிந்தவரை சீக்கிரம் சொல்லிவிட வேண்டும்.

‘எதிர்பாராமல்’ என்றால் எவ்வளவு எதிர்பாராமல்? இதற்கு ஒரு வழக்கே நடந்திருக்கிறது. ஒரு வங்கி ஊழியரின் சைல்டுமைண்டர், குறிப்பிட்ட நாளில் வர முடியாது என்று இரண்டு வாரம் முன்பே சொல்லிவிட்டார். ஊழியர் வேறு ஆள் தேடினார், கிடைக்கவில்லை, அன்று விடுப்பு எடுத்தார். முன்கூட்டியே தெரிந்ததுதானே என்று வங்கி அவரை எச்சரித்தது. 2008இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஊழியர் பக்கம் நின்றது. ‘எதிர்பாராத’ என்பதற்குக் கடைசி நிமிடத்தில் நேர்வது மட்டும் என்று பொருள் இல்லை என்றது. ஆகவே, வெள்ளிக்கிழமை சஸ்பெண்ட் செய்தி வந்து, அடுத்த வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஆள் கிடைக்காமல் போனாலும் இந்த உரிமையைக் கேட்கலாம்.

ஏஜென்சி ஷிப்டில் போகும் நர்ஸ்களும் கேர் ஊழியர்களும் தங்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. சட்டத்தின் கண்ணில் ‘ஊழியர்’ என்ற தகுதி இருப்பவர்களுக்குத்தான் இந்த உரிமை.

சம்பளமில்லாப் பெற்றோர் விடுப்பு என்று இன்னொன்று இருக்கிறது: ஒரு குழந்தைக்கு மொத்தம் 18 வாரம், ஆண்டுக்கு 4 வாரம்வரை. ஆனால் 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். வருகிற திங்கட்கிழமைக்கு உதவாது; நிறுத்தம் 12 வாரம் நீளும் என்று தோன்றினால், முதல் வாரத்திலேயே விண்ணப்பித்து வைப்பது புத்திசாலித்தனம். வேலை நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்கும் உரிமையும் 2024 ஏப்ரல் முதல் வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல நிறுவனத்துக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு என்பதால், அதையும் அவசர மருந்தாக நம்ப முடியாது. தெரிந்த மேனேஜரிடம் நேரில் பேசி ஷிப்டை மாற்றிக்கொள்வதுதான் பல வீடுகளில் உண்மையில் நடப்பது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் விடலாமா?

இங்கேதான் நம்மவர்கள் அதிகம் சறுக்க வாய்ப்பு. ‘நம்ம ஊர்க்காரங்க, வீட்டுலதான் இருக்காங்க, நாளுக்கு 40 பவுண்டு கொடுத்தா பார்த்துப்பாங்க’ என்பது இயல்பாக வரும் யோசனை. ஆனால், பதிவில்லாத ஒருவர் தன் வீட்டில் பிறர் குழந்தையை நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கட்டணத்துக்குப் பார்த்துக்கொள்வது சட்ட விரோதம். மாட்டுபவர் காசு கொடுத்த நீங்கள் இல்லை, உதவிய அந்த அக்கா. அவர் விசாவில் இருப்பவர் என்றால் அடி இன்னும் பலமாக விழும்.

எது அனுமதி? அத்தை, சித்தி, மாமா, தாத்தா, பாட்டி போன்ற நெருங்கிய உறவினர்கள் பார்த்துக்கொள்ளலாம். காசு கைமாறாமல் நண்பர்கள் பார்த்துக்கொள்ளலாம். இன்று நீ என் குழந்தையைப் பார், நாளை நான் உன் குழந்தையைப் பார்க்கிறேன் என்பதும் சரி. இந்தத் தெளிவு சும்மா வந்ததில்லை. 2009இல் இரண்டு பெண் போலீஸ்காரர்கள் முறை வைத்து ஒருவர் குழந்தையை மற்றவர் பார்த்துக்கொண்டதை, பதிவில்லாத சைல்டுமைண்டிங் என்று ஆஃப்ஸ்டெட் சொல்ல, நாடே கொதித்தது. அதன் பிறகுதான் விதி தெளிவானது.

உங்கள் வீட்டுக்கே ஒருவர் வந்து பார்த்துக்கொண்டால் அதற்குப் பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் நீங்கள் அவருக்கு முதலாளி ஆகிவிடுவீர்கள்; சம்பளம், வரிப் பிடித்தம் எல்லாம் உங்கள் தலையில்.

அம்மாவை ஊரிலிருந்து வரவழைப்பது? விசிட்டர் விசா பொதுவாக 6 மாதம்வரை. பேரனைப் பார்க்க வந்த பாட்டி, வந்த இடத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்குத் தடை இல்லை. ஆனால் அது உண்மையான, குறுகிய காலப் பயணமாக இருக்க வேண்டும். வேலைக்கு வைத்துக்கொண்டது போல ஆகிவிடக் கூடாது. பாட்டியும் திரும்பத் திரும்ப வந்து தங்கினால் விமான நிலையத்தில் கேள்வி வரும். விசா கிடைக்கவே வழக்கமாக மூன்று வாரம் ஆகிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வேறு இடம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் சுலபமாக இல்லை. இங்கிலாந்தில் சைல்டுமைண்டர்களின் எண்ணிக்கை 2012இல் இருந்ததில் பாதி அளவுக்கு வந்துவிட்டது. ஒருவரின் பதிவு நின்றால் ஒரே இரவில் நாலைந்து குடும்பங்கள் அதே தெருக்களில் இடம் தேடும். கைக்குழந்தை என்றால் ‘ஒருவரிடம் ஒன்று’ என்ற வரம்பு வேறு. ஆனால் அந்த வரம்பில் சிறு நெகிழ்வு உண்டு: எல்லாக் குழந்தைகளின் தேவையையும் கவனிக்க முடியும் என்று காட்ட முடிந்தால், மொத்தம் ஆறு என்பதைத் தாண்டாமல், சைல்டுமைண்டர் விதிவிலக்காக ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். ‘இடமில்லை’ என்று முதலில் சொன்னவரிடம், சில வாரங்களுக்கு மட்டும் என்று காரணத்தோடு இன்னொரு முறை கேட்டுப் பார்க்கலாம். கவுன்சிலின் குடும்பத் தகவல் சேவையில் காலி இடங்களின் பட்டியல் கிடைக்கும். நிறுவனங்கள் சிலவற்றில் ஊழியர்களுக்கு அவசரக் குழந்தைப் பராமரிப்புச் சலுகை இருக்கிறது; ஹெச்ஆரிடம் கேட்காததாலேயே பலருக்கு அது தெரிவதில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, முதலில் எடுக்க வேண்டியது ஒப்பந்தத்தை. சஸ்பெண்ட் காலத்தில் கட்டணம் உண்டா, முன்பணம் என்ன ஆகும், விலகுவதற்கு எத்தனை வார நோட்டீஸ் என்று பாருங்கள். அவர் சட்டப்படி கொடுக்கவே முடியாத சேவைக்குப் பணம் கேட்பது பொதுவாக எடுபடாது. ஆனால் ‘இடத்தைப் பிடித்து வைக்க’ என்று ஒரு தொகை எழுதியிருந்தால் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

2025 செப்டம்பர் முதல் வேலைக்குப் போகும் தகுதியுள்ள பெற்றோருக்கு 9 மாதக் குழந்தையிலிருந்து பள்ளி சேரும்வரை வாரம் 30 மணி நேரம், ஆண்டுக்கு 38 வாரம், அரசு செலவில் பராமரிப்பு கிடைக்கிறது. இடையில் ஆளை மாற்றினால் இந்தச் சலுகை போய்விடாது. கையில் இருக்கும் அதே கோடைப் புதியவரிடம் கொடுக்கலாம். ஆனால் அந்தப் பருவத்துக்கான பணம் பழையவர் பெயரில் போய்க்கொண்டிருக்கும் என்பதால், கவுன்சிலுக்குப் போன் செய்து மாற்றச் சொல்ல வேண்டும். நீங்கள் 8 பவுண்டு போட்டால் அரசு 2 பவுண்டு சேர்க்கும் டாக்ஸ்-ஃப்ரீ சைல்டுகேர் கணக்கு வைத்திருப்பவர்கள், பழையவருக்குத் தானாகப் போகும் மாதப் பணத்தை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

பெற்றோர் இருவர் விசாவிலும் ‘அரசு நிதியுதவி கிடையாது’ என்ற நிபந்தனை இருந்தால் இந்த இரண்டு சலுகையும் இல்லை. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் எல்லோருக்குமான 15 மணி நேரம் அவர்களுக்கும் உண்டு. இரண்டு வயதுக் குழந்தையோடு ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருக்கும் தம்பதிக்கு, மாற்று ஏற்பாட்டின் முழுச் செலவும் பெரும்பாலும் கைப்பணம்தான்.

நிறுத்தம் விலகினால் திரும்ப அனுப்பலாமா?

இதைச் சட்டம் முடிவு செய்யாது. குற்றச்சாட்டில் ஒன்றுமில்லை என்று விலகியிருக்கலாம்; குறை இருந்து சரிசெய்யப்பட்டதால் விலகியிருக்கலாம்; ஆபத்து என்று கருதப்பட்ட நபர் அந்த வீட்டிலிருந்து போய்விட்டதாலும் விலகியிருக்கலாம். மூன்றும் ஒன்றல்ல. விதிமீறலுக்காக நடவடிக்கை எடுத்திருந்தால் அதன் சுருக்கம் ஆஃப்ஸ்டெட் தளத்தில் வெளியாகும். அதைப் படித்துவிட்டு, சைல்டுமைண்டரிடம் நேராகக் கேளுங்கள்: வீட்டில் இப்போது யார் யார் இருக்கிறார்கள்? அப்போது சொல்ல முடியாமல் போனதில் இப்போது எதைச் சொல்லலாம்? ஆஃப்ஸ்டெட் என்ன மாற்றம் கேட்டது?

தவறு செய்யாத சைல்டுமைண்டருக்கு இந்தக் கேள்விகள் சங்கடம்தான், ஆனாலும் பதில் சொல்ல முடியும். இந்த இடைவெளியில் அவரிடம் இருந்த குழந்தைகள் வேறு இடங்களுக்குப் போயிருப்பார்கள். பதிவு திரும்பக் கிடைத்தாலும் தொழில் திரும்பக் கிடைக்காமல் போகலாம். திரும்பி வரும் ஓரிரு குடும்பங்களை நம்பித்தான் அவர் மறுபடியும் கதவைத் திறக்க வேண்டியிருக்கும்.